கண்ணாடிக்கடை ஜன்னலில் ஒரு மான்

ஜன்னலில் பனி இருக்க வேண்டிய இடத்தில் புகை வந்துகொண்டிருந்தது.

"ஏங்க! ஓடி வாங்க! பனி எரியுது!"

பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கணவர் எட்டிப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து மனைவி எத்தனையோ விதமாக அவரைக் கூப்பிட்டிருக்கிறாள். பனி எரிகிறது என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி அணைத்தார்கள். ஜன்னல் பலகையில் பனி என்று பரப்பியிருந்த பஞ்சின் நடுவே கறுப்பாக ஒரு பெரிய ஓட்டை விழுந்திருந்தது.

"யாராவது பீடியைப் போட்டிருப்பாங்களோ?" என்றாள்.

"மூடின கண்ணாடிக்குள்ள எவன் வந்து போடுவான்? மேல பாரு. நீ தொங்கவிட்ட லென்ஸு. அது வழியா வெயில் இறங்கி ஒரே புள்ளியில விழுந்திருக்கு. சின்ன வயசுல காகிதம் எரிச்சதில்லையா நீ?"

தெருவே அவளைக் கண்ணாடியக்கா என்றுதான் கூப்பிடும். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவளுக்கு வெயிலில் லென்ஸ் என்ன செய்யும் என்று தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் அன்று காலை அந்த ஜன்னலில் அவள் பார்த்த காட்சி, தெரிந்ததையெல்லாம் மறக்கடித்துவிட்டது.

எல்லாம் கட்டட முதலாளியால் வந்தது. அவர் இதுவரை இந்தப் பக்கம் வந்ததே இல்லை. எதுவானாலும் மேனேஜர்தான் வருவார். போன வாரம் அந்த மேனேஜர் வந்து ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். பக்கத்துக் கேக் கடையைப் பெரிதாக்கக் கேட்கிறார்களாம். கண்ணாடிக்கடை ஜன்னலில் தூசியையும் எழுத்துப் பலகையையும் தவிர ஒன்றுமில்லையாம். தெருப் பார்த்த இடம் இப்படி வீணாகக் கிடப்பதற்குப் பதில், கண்ணாடிக்கடையைப் பின்பக்க மாடிக்கு மாற்றினால் என்ன என்று முதலாளி யோசிக்கிறாராம். கிறிஸ்துமஸுக்கு முன்னால் தானே நேரில் வந்து, இரண்டு ஜன்னலையும் பார்த்துவிட்டு முடிவு சொல்வாராம்.

பின்பக்க மாடிப்படி இருட்டு. ஓராள் ஏறினால் எதிரே ஓராள் இறங்க முடியாது. கண் தெரியாதவர்கள் ஏறி வந்துதான் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும்!

கேக் கடைக்காரி வேறு யாருமில்லை, அவளுடைய நாத்தனார்தான்.

"மாடியில நல்லா காத்து வரும் அண்ணி," என்றாள் நாத்தனார், உண்மையான அக்கறையோடு. அவள் ஜன்னலில் ஏற்கெனவே வாடகைக்கு எடுத்த கிறிஸ்துமஸ் தாத்தா வந்து நின்றுவிட்டார். சாவி கொடுத்தால் இடுப்பை ஆட்டி மணியடிப்பார்.

கண்ணாடியக்காவுக்கு வாடகைத் தாத்தாவுக்கெல்லாம் வசதியில்லை. வீட்டிலும் கடையிலும் கிடப்பதை வைத்துத்தான் செய்தாக வேண்டும். துணி கிழிந்த பழைய குடை ஒன்று இருந்தது. அதை விரித்து நிறுத்தினால் கம்பிகள் கிறிஸ்துமஸ் மரத்தின் கிளைகள் மாதிரியே நின்றன. இழுப்பறையில் கிடந்த பழைய ஃபிரேம்களையும் ஒதுக்கிப் போட்ட லென்ஸ்களையும் தூண்டில் நரம்பில் கட்டி, கம்பிக்குக் கம்பி தொங்கவிட்டாள். கடைசி லென்ஸைக் கட்டிவிட்டு நிமிர்ந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் அவளுடைய தெரு இருந்தது. தலைகீழாக இருந்தது. விரல்நகம் அளவு பஸ் சக்கரத்தை மேலே தூக்கிக்கொண்டு போயிற்று. குட்டிக் குட்டி மனிதர்கள் வானத்தில் கால் வைத்து நடந்தார்கள். காற்றில் நரம்பு அசைந்தபோது அத்தனை தெருக்களும் ஒன்றாக மெல்லச் சுழன்றன. சுவரெல்லாம் வானவில் துண்டுகள் ஓடின. தினமும் கூட்டிப் பெருக்குகிற தெருதான். இவ்வளவு அழகை இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தது?

பூட்டுச்சாவிக் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார். "யக்கா, என் கடைக்கும் இப்படி ஒண்ணு செஞ்சு குடு. எங்கிட்ட சாவி மூட்டை மூட்டையா கெடக்கு."

அவர் போய்ச் சற்று நேரத்தில்தான் புகை வந்தது.

"வெயிலை மறைச்சிட்டா ஆச்சு," என்றார் கணவர். நாத்தனாரிடம் எண்ணெய்த்தாள் வாங்கி வந்து கண்ணாடியின் மேல்பாதியில் ஒட்டினார்கள். புகை பயம் போயிற்று. கூடவே பஸ், மனிதர், வானவில் எல்லாம் போய்விட்டன. இருட்டுக்குள் ஒரு குடை எலும்புக்கூடு நின்றது.

"ஐயோ, பேய் மாதிரி இருக்குங்க."

"சீரியல் லைட் போடு."

போட்டாள். அதே நேரம் அவர் லென்ஸ் இயந்திரத்தையும் போட்டார். பழைய கட்டடம், இரண்டு கடைக்கும் ஒரே மின்சார லைன். 'டப்' என்று ஒரு சத்தம். பக்கத்துக் கடையில் தாத்தாவின் மேல் எரிந்த விளக்கு அணைந்தது. அடுப்புக்குள் இருந்த கேக்கும் நடுவில் அமுங்கிப் போயிற்று.

நாத்தனார் கையில் மாவுச் சல்லடையோடு புயலாக வந்தாள்.

"அண்ணி! உங்க மரத்துக்காக என் கேக்கு குழி விழுந்துபோச்சு! இதுக்குத்தான் மாடிக்குப் போங்கன்னு சொன்னேன்!"

"கத்தாதம்மா. சாவிக்கடைக்காரரு ஃபியூஸ் போடப் போயிருக்காரு," என்றார் கணவர்.

"அண்ணனை முன்னால விட்டுட்டு நீங்க பின்னால நின்னு பேசாதீங்க!"

"நான் எங்கம்மா முன்னால நிக்கறேன்? நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கறேன்," என்றார் கணவர்.

அந்த நேரம் பார்த்து பஸ் டிரைவர் ஒருவர் உள்ளே வந்தார். "நம்ம கண்ணாடி ரிப்பேர் ஆயிடுச்சுங்களா? டூட்டிக்கு நேரமாச்சு."

கண்ணாடியக்கா ரிப்பேர்த் தட்டைப் பார்த்தாள். காலி. இழுப்பறையைப் பார்த்தாள். அதில் பழைய ஃபிரேம்களில் பாதி அப்படியே கிடந்தது.

"ஏங்க, இந்தத் தட்டுல இருந்தது...?"

"நீதானே காலையில எடுத்துக் கட்டினே? நான்கூட, சரி, யாரும் திரும்ப வாங்கிக்காததைத்தான் நீ எடுக்கறேன்னு நெனச்சேன்."

வாடிக்கையாளர்களின் கண்ணாடிகள் மரத்தில் காய்த்துத் தொங்கிக்கொண்டிருந்தன.

"உங்களோடது எதுன்னு பாத்து எடுத்துக்கங்கண்ணே," என்றாள் குரல் இறங்கி.

"கண்ணாடி இல்லாம எதுன்னு எப்படிம்மா பாக்கறது?"

நியாயமான கேள்விதான். கடைசியில் அவர் ஜன்னலுக்குள் தலையை விட்டு, பூவை முகர்வது மாதிரி ஒவ்வொரு கண்ணாடியிலும் மூக்கை நுழைத்து நுழைத்துப் பார்த்தார். "இது இல்ல... இது தூரத்துக்கு... ஆங், பலகை தெரியுது! இதான்!" என்று அறுத்துக்கொண்டு போனார். பின்னாலேயே ஒரு டீச்சர் வந்தார். அவர் பொறுமையெல்லாம் பார்க்கவில்லை. தன் சிவப்பு ஃபிரேமைக் கண்டதும் வெடுக்கென்று இழுத்தார்.

குடையின் பூட்டு கழன்றது. மரம், மழை நின்றதும் மடக்கிய குடைபோலச் சடாரென்று மூடிக்கொண்டது.

நாத்தனார் அலறிக்கொண்டு கையை உதறினாள். சல்லடை பறந்தது. ஜன்னல் முழுக்க மாவு மழை பெய்தது.

"அக்கா! முதலாளி கார் திரும்புது!" தெருவிலிருந்து சாவிக்கடைக்காரர் கத்தினார். "ஃபியூஸ் இதோ போட்டுடறேன்!"

கணவர் யோசிக்கவில்லை. கம்பளிச் சட்டையோடு ஜன்னலுக்குள் ஏறிக் குந்தி, குடையை விரித்துப் பூட்டைக் கையால் பிடித்துக்கொண்டார். மடங்கியபோது சிக்கிய இரண்டு கண்ணாடிகள் தலைமுடியில் இருபுறமும் மாட்டி, காலை நீட்டிக்கொண்டு நின்றன. எடுக்கக் கை இல்லை.

"நான் அசைஞ்சா மரம் மூடிக்கும். நீ போய் அவரைக் கவனி," என்றார் உதடு அசையாமல்.

தலைமுடியில் மாவும் கையில் பஞ்சுக் கரியுமாகக் கண்ணாடியக்கா வாசலுக்கு ஓடினாள். பக்கத்தில் நாத்தனார். காரிலிருந்து நெட்டையாக ஒரு பெரியவர் இறங்கினார். கும்பிடும்போதே தொழில் பழக்கத்தில் அவள் கண் அவர் முகத்துக்குப் போயிற்று. மூக்கின் இருபுறமும் இரண்டு சின்னத் தடங்கள். ஏதோ நினைவுக்கு வரப் பார்த்தது. அதற்குள் அவர் பேசிவிட்டார்.

"கேக் கடை எதும்மா?"

"இதோங்கையா! தாத்தா எப்படி ஆடறாரு பாருங்க!" என்றாள் நாத்தனார்.

அவர் அந்த ஜன்னலைப் பார்த்தார். "ஏதோ சிவப்புத் துணி மூட்டை ஆடுது," என்று சொல்லிவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார்.

மின்சாரம் வந்தது. எண்ணெய்த்தாளுக்குப் பின்னால் சீரியல் விளக்குகள் எரிந்தன. அந்தரத்தில் மாவு இன்னும் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

பெரியவர் ஓரடி முன்னால் வைத்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"அடேயப்பா," என்றார் மெல்ல. "மரம்னா கிளை வேணும், இலை வேணும்னு நெனச்சுட்டிருந்தேன். இங்க வெறும் வெளிச்சம் நிக்குதே! ஒவ்வொரு விளக்கும் தாமரை மாதிரி விரிஞ்சு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு கரையுது... அந்தப் பனியைப் பாரும்மா, எங்க முடியுதுன்னே தெரியல."

கண்ணாடியக்கா பார்த்தாள். அவளுக்குத் தெரிந்தது பொத்தல் விழுந்த பஞ்சு, மாவு, குடைக்கம்பி. அவர் கண்ணில் நீர் கட்டியிருந்தது.

"அந்த மான்!" என்றார்.

"மானுங்களா?"

"மரத்தைத் தாங்கிக்கிட்டு உக்காந்திருக்கே, கொம்போட. எப்படித்தான் செஞ்சியோ! மூச்சு விடற மாதிரியே இருக்கு. கண்ணுல ஒரு பயம் வேற வெச்சிருக்கே. பொண்டாட்டிக்குப் பயந்த மான் மாதிரி."

நாத்தனாருக்குத் திடீரென்று இருமல் வந்தது. ஜன்னலுக்குள் மான் கண்ணை மூடிக்கொண்டது.

"எங்கிட்ட எத்தனையோ கட்டடம் இருக்கும்மா. என்னை நடுத்தெருவுல தொப்பியைக் கழட்ட வெச்ச ஜன்னல் இது ஒண்ணுதான். மாடியும் வேணாம், ஒண்ணும் வேணாம். இந்த இடம் உன்னோடது. இந்தத் தெருக் கடைக்கெல்லாம் நீயே ஜன்னல் செஞ்சு குடு, மேனேஜர்கிட்ட நான் சொல்லிடறேன்."

சொல்லிவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி காரை நோக்கிப் போனார். போகும் வழியில் விளக்குக் கம்பத்திடம் "மன்னிச்சுக்கங்க" என்று ஒதுங்கியதை யாரும் கவனிக்கவில்லை.

கண்ணாடியக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி மறுபடி ஜன்னலைப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "அண்ணி, இப்ப எனக்குக்கூட ஏதோ அழகாத்தான் தெரியுது."

"நம்ம கண்ணுக்குத்தான் படலபோல," என்றாள் கண்ணாடியக்கா. "பெரியவங்க பார்வையே தனி."

"மானை யாராவது இறக்கி விடுங்க," என்று ஜன்னலிலிருந்து முனகல் கேட்டது. "கால் மரத்துப்போச்சு."

அவர்கள் உள்ளே போவதற்குள், பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியேறி வந்தாள்.

"வாங்கம்மா," என்று ஜன்னலுக்குள்ளிருந்தே அடையாளம் கண்டுகொண்டார் கணவர். "மூக்குல பிடிக்கிற பாகம் உடைஞ்சதுன்னு குடுத்துட்டுப் போனீங்களே, எப்பவோ சரி பண்ணியாச்சு. இங்கதான் எங்கயோ தொங்குது..."

அந்த அம்மாள் மரத்தைப் பார்த்தாள், மாவைப் பார்த்தாள், பஞ்சில் இருந்த ஓட்டையைப் பார்த்தாள், கடைசியில் கம்பளிச் சட்டைக்காரரின் தலையைப் பார்த்தாள்.

"உங்க இடது கொம்புதாம்ப்பா அது. சீக்கிரம் கழட்டிக் குடுங்க, அந்த மானைக் கண்ணாடி போட்டுக்கிட்டு இன்னொரு தடவை ஆசை தீரப் பாக்கணும்னு எங்க வீட்டுக்காரரு கார்ல உக்காந்து அடம்பிடிக்கிறாரு."