ரயிலில் பெயர் கூப்பிட்ட ஆஜர் அண்ணாச்சி

இந்தியாவில் எத்தனையோ ரயில்கள் ஓடுகின்றன. அவற்றில் பயணிகளுக்கு வருகைப் பதிவேடு வைத்திருந்த ரயில் ஒன்றே ஒன்றுதான். அது காலையில் எங்கள் ராஜபாளையத்தில் நின்று மதுரைக்குப் போகும் பாசஞ்சர் வண்டி. பதிவேடு வைத்திருந்தவர் ரயில்வேக்காரர் இல்லை. ரயில்வேக்கு அந்த விஷயம் தெரியவும் தெரியாது. வைத்திருந்தவர் ஆஜர் அண்ணாச்சி.

பிள்ளைகளே, நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என் பெயரைக் கூப்பிட்டபோது பாதி நாள் நான் அங்கே இருந்ததில்லை. அந்தக் குறையை இந்த ரயில் தீர்த்துவைத்தது.

அண்ணாச்சியின் தொழில் மனு எழுதுவது. விருதுநகரில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு மரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். பட்டா கிடைக்காதவர்கள், தெருவிளக்கு எரியாதவர்கள் எல்லாருக்கும் அவர்தான் எழுதிக்கொடுப்பார். அந்தப் பழக்கமோ என்னவோ, நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்திருந்தால் அதை எழுதிவைக்காமல் அவரால் இருக்க முடியாது.

எங்கள் வண்டி ஒற்றைத் தண்டவாளத்தில் போவது. எதிரே செங்கோட்டைக்குப் போகிற வண்டி வந்து சேரும்வரை ஸ்ரீவில்லிபுத்தூரில் செத்த நேரம் நிற்கும். அதற்குக் கிராசிங் என்று பெயர். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆட்களும் ஏறியதும் அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நீள நோட்டை விரிப்பார். மூன்றாவது பெட்டியில் தினமும் போகிறவர்கள் எல்லாருடைய பெயரும், பெயருக்கு முன்னால் தொழிலும் அதில் இருக்கும்.

"மோட்டார் ஜேசுராஜ்."

அது நான். மோட்டாருக்கு காயில் கட்டுவது என் தொழில். "ஆஜர் அண்ணாச்சி" என்பேன். ஒரு டிக் விழும்.

"பூக்கார மாரியம்மா."

மாரியம்மா அக்கா பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு அவருக்கு நேர் எதிரேதான் உட்கார்ந்திருக்கும். வாயைத் திறக்காது.

"மாரியம்மா."

"கண்ணு முன்னாலதான உக்காந்திருக்கேன். எம்புட்டுப் பெரிய கண்ணாடி போட்டிருக்கீரு, தெரியலயா?"

"நீ இருக்கது எனக்குத் தெரியும். நோட்டுக்குத் தெரிய வேண்டாமா?"

"நோட்டு கேட்டா சொல்லுதேன்."

இது தினமும் நடக்கும். கடைசியில் அக்கா "ஆஜரு, ஆஜரு" என்று இரண்டு தடவை சொல்லும். ஒன்று அடுத்த நாளுக்காம். அண்ணாச்சி அதை ஏற்றுக்கொண்டதில்லை.

எங்கள் ஊரில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் நிறைய. அப்படி ஒரு பெரியவர் எங்கள் பெட்டியில் வருவார். பெயரைக் கூப்பிட்டால் "உன்னானு" என்பார். இருக்கிறேன் என்று அர்த்தம். அண்ணாச்சி அதற்கும் டிக் போடுவார். "ஆளு வந்தாப் போதும், பாஷை எதுவா இருந்தா என்ன" என்பது அவர் கொள்கை.

வராதவர்கள் மறுநாள் லீவு லெட்டர் கொண்டுவர வேண்டும். சிரிக்காதீர்கள், கொண்டுவந்தார்கள். ஆயுதப்படையில் வேலை பார்த்த ஏட்டையா ஒருவர் எங்களோடு வருவார். மீசையைப் பார்த்தாலே பக்கத்துப் பெட்டிக் குழந்தை அழும். அவர் ஒருமுறை இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் கைக்கடக்கமாக ஒரு தாளை நீட்டினார். அண்ணாச்சி படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"மச்சினன் கல்யாணம்னு எழுதியிருக்கீக. எந்த மச்சினன்?"

"ரெண்டாவது மச்சினன்."

"அதை எழுதணும்ல. பொறவு மொத மச்சினன் கல்யாணத்துக்கு லீவு கேட்டா நான் எதை நம்பிக் குடுப்பேன்?"

ஏட்டையா பேனா வாங்கித் திருத்திக் கொடுத்தார். ஒருநாள் புதிதாக வந்த டிக்கெட் பரிசோதகரிடமும் அண்ணாச்சி பெயரைக் கேட்டார். அவர் பெயரைச் சொல்லி, ஆஜரும் சொல்லி, இரண்டு ஸ்டேஷன் தாண்டிய பிறகுதான் நாம் ஏன் சொன்னோம் என்று யோசித்தார்.

இனிமேல்தான் என் கதை வருகிறது.

விருதுநகரில் ஓர் எண்ணெய் மில்லில் எலெக்ட்ரீஷியன் வேலை காலியாக இருந்தது. நிரந்தர வேலை. எட்டு வருடமாக அந்த ஊர் ஒர்க்‌ஷாப் ஒன்றுக்குத் தினமும் போய், வேலை இருந்தால் கூலி, இல்லாவிட்டால் வெறுங்கை என்று கிடந்தவன் நான். என் மகள் அப்போதுதான் பால்வாடிக்குப் போக ஆரம்பித்திருந்தாள். திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு நேரில் வர வேண்டும், அசல் சர்டிபிகேட் கொண்டுவர வேண்டும், ஒரு நிமிடம் தாமதமானாலும் பார்க்க மாட்டோம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அதைப் பெட்டி முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன்.

திங்கட்கிழமை வண்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றது. பயத்தில் எனக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது. சர்டிபிகேட் ஃபைலைச் சீட்டில் வைத்துவிட்டு, பிளாட்பாரத்துக் குழாயில் முகம் கழுவ இறங்கினேன். அதற்குள் பிளாட்பாரத்தின் மறுபக்கம் செங்கோட்டை வண்டியும் வந்து நின்றுவிட்டது. இந்தப் பக்கம் ஒரு வண்டி, அந்தப் பக்கம் ஒரு வண்டி, இரண்டுக்கும் ஒரே நிறம். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டே திரும்பி ஏறி, மூன்றாவது பெட்டியில் என் இடத்துக்குப் போனேன். அங்கே ஒருவர் எலுமிச்சைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இது என் சீட்டு."

"நான் மதுரையில இருந்து உக்காந்து வாரேன்."

மதுரைக்குப் போகிற வண்டியில் மதுரையிலிருந்து வருகிறேன் என்கிறாரே, சோற்றில் கையை வைத்துக்கொண்டு இப்படியும் பொய் சொல்வார்களா என்று எனக்கு வருத்தமாக இருந்தது. விடாமல் வாதாடினேன். அப்போது எங்கிருந்தோ அண்ணாச்சியின் குரல் கேட்டது.

"மோட்டார் ஜேசுராஜ்."

"ஆஜர் அண்ணாச்சி" என்று ஜன்னல் பக்கம் சத்தமாகச் சொல்லிவிட்டு மறுபடி வாதாடினேன்.

அப்போது எங்கள் பெட்டியில் நடந்ததை மாரியம்மா அக்கா பிறகு சொன்னது. அண்ணாச்சி டிக் போட்டுவிட்டார். அப்புறம் தலையைத் தூக்கிப் பார்த்தார். என் இடத்தில் ஃபைல் மட்டும் இருந்தது.

"சத்தம் வருது, ஆளக் காணும்" என்று குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தாராம்.

"அங்கன என்னத்தப் பாக்கீரு? அந்தா, செங்கோட்டை வண்டியில நின்னு சண்டை போட்டுக்கிட்டிருக்கு பாரும்" என்று அக்காதான் காட்டியது.

அண்ணாச்சி நோட்டோடு இறங்கி, பிளாட்பாரத்தைக் கடந்து, நான் நின்ற பெட்டிக்குள் ஏறி வந்தார்.

"அண்ணாச்சி, நல்ல வேளை வந்தீக. இவரு என் சீட்டுல..."

"அது அவிய சீட்டு. இது அவிய வண்டி. நீ இறங்குலே."

"அப்ப நம்ம வண்டி?"

"அது நிக்கி, அந்தப் பக்கம். ஒன்பதரைக்கு நீ மில்லுல நிக்கணும்ல. போ."

என் சட்டையைப் பிடித்து வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் இறங்கினேன். பின்னால் அவர் இறங்குவதற்குள் ஒரு அம்மா இரண்டு கத்தரிக்காய்ச் சாக்கை வாசலில் நகர்த்திவிட்டது. ஹார்ன் அடித்தது. வண்டி நகர்ந்தது. ஓடுகிற வண்டியிலிருந்து குதிக்கக் கூடாது, பிள்ளைகளே. அண்ணாச்சியும் குதிக்கவில்லை. வாசலில் நேராக நின்று, சாக்குக்கு மேலாக நோட்டை என் கையில் போட்டார்.

"பாக்கிப் பேரை நீ கூப்பிடு" என்றார்.

பிறகு அவர் வந்த வழியே ராஜபாளையத்துக்குப் போய்விட்டார்.

எங்கள் வண்டி இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தது. நான் ஏறி, ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, பாக்கிப் பெயர்களைக் கூப்பிட்டேன். மாரியம்மா அக்கா அன்றைக்கு முதல் தடவையிலேயே ஆஜர் சொன்னது. ஒன்பது இருபதுக்கு மில் வாசலில் இருந்தேன். பழைய மோட்டார் ஒன்றை முன்னால் வைத்து, இது ஏன் ஓடவில்லை என்று கேட்டார்கள். சொன்னேன். வேலை கிடைத்தது.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் நாள். அன்றைக்கு வேலை செய்தால்தான் அண்ணாச்சிக்கு அந்த வாரம் ஓடும். மரத்தடியில் காத்திருந்தவர்கள் வேறு ஆளிடம் எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள் என்று ஏட்டையா மறுநாள் காதோடு சொன்னார். எனக்கு அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

அவர் வழக்கம்போல ராஜபாளையத்தில் ஏறினார். நோட்டு என்னிடம் இருந்ததால் நேராக என் முன்னால் வந்து நின்று, மடித்த தாள் ஒன்றை நீட்டினார். லீவு லெட்டர். அழகான கையெழுத்து. 'ஐயா, நேற்று எனக்குக் கடுமையான வயிற்றுவலி ஏற்பட்டதால் வண்டியில் வர இயலவில்லை. ஒருநாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

பெட்டி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏட்டையாதான் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"அண்ணாச்சி, இவன் வண்டி மாறி ஏறுனதுனாலதான போனீக? அம்புட்டுப் பேரும் பாத்தோம்ல. வயித்துவலின்னு எழுதியிருக்கீக?"

"லீவு லெட்டர்ல இன்னொரு ஆளு பேரச் சொல்லி எழுதப்பிடாது ஏட்டையா. எழுதுனா அது அந்த ஆளு மேல பெட்டிஷன் ஆயிரும்" என்றார் அண்ணாச்சி.

நோட்டை வாங்கிக்கொண்டு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவருக்கு ஒரு பாட்டில் மோர் கொண்டுபோனேன். என் மனைவி பெருங்காயம் தட்டிப் போட்டுக் கரைத்துக் கொடுப்பாள். வயிற்றுவலிக்கு நல்லது. நன்றி என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை. "வயிறு எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்றுதான் கேட்பேன். அவர் மோர் முழுவதையும் குடித்துவிட்டு, "இப்பத் தேவல" என்பார்.