அம்புரோஸின் காலடிப் பெட்டி

ஆயர் வருகிற ஞாயிறன்று ஐரீனின் மைக்கை அணைத்துவிடுவது என்று அம்புரோஸ் முடிவெடுத்துவிட்டார். கட்டிய மனைவிதான். அதனால் என்ன? மாதா கோயில் பாடற்குழுவுக்குத் தலைவர் அவரா, அவளா?

திருவொற்றியூரில் அவர்கள் கோயில் வளர்ந்துவிட்டது. பூசைக்கு வந்த கூட்டம் தெருவில் பந்தல் போட்டு உட்கார்ந்து பார்த்து, இப்போது புது மண்டபமே கட்டியாயிற்று. அதை மந்திரித்துத் திறந்துவைக்கத்தான் மறைமாவட்ட ஆயர் வருகிறார். குழுவுக்கு மைக் இரண்டே இரண்டு. ஒன்று தலைவருக்கு. இன்னொன்றைச் சுற்றிப் பெண்கள், நடுவில் ஐரீன். பூசை முடிந்ததும் சனங்கள் அம்புரோஸைத் தாண்டிப் போய், "ஐரீன்க்கா, இன்னா வாய்ஸு!" என்பார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக் கன்டெய்னரையே தூக்குகிற மனிதருக்கு, இந்த ஒரு வார்த்தையைத் தாங்க முடியவில்லை.

தன் குரல்மேல் அவருக்குச் சந்தேகமே கிடையாது. பிறந்தநாளுக்கு ஐரீன் ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டி வாங்கித் தந்திருந்தாள். காலடியில் வைத்தால் தான் பாடுவது தனக்கே கேட்கும். கேட்டார். சொக்கிப்போனார்.

சனிக்கிழமை சமையலறையில் ஆழம் பார்த்தார்.

"நாளைக்குக் கொஞ்சம் அடக்கிப் பாடு. ஆயர் வர்றாரு."

"ஏன்யா, ஆயருக்குக் காது நோவா?"

"உன் இழுவை மானத்த வாங்குது."

"யார் மானம்?"

"குழு மானம்."

"அப்ப உன்து பத்திரமா கீது. வந்து வெங்காயத்த உரி."

உரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே மொட்டை மாடிக்குப் போய், மைக்செட் அருள்பிரகாசத்துக்குப் போன் போட்டார்.

"நாளைக்கு அக்கா மைக்க ஆப் பண்ணிடு."

"வோணாண்ணே. பேஜாராயிடும்."

"தலைவர் நானா, நீயா?"

"நீங்கதாண்ணே" என்றான் அவன், பெருமூச்சோடு.

ஞாயிறு. ஆயர் வாசலில் கால் வைத்தார். வருகைப் பாடல். அம்புரோஸ் கண்ணை மூடி எடுத்தார் பாருங்கள், காலடிப் பெட்டி கணீரென்றது! கண்ணைத் திறந்தார். யாரும் கூடப் பாடவில்லை. சனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெண்கள் வாயசைத்தது கீபோர்டைத் தாண்டிக் கேட்கவில்லை; அது மட்டும் அனாதையாக ஓடியது. பங்குச்சாமியார் கேட்கவில்லை என்று காதைத் தொட்டுக் காட்டினார். ஆயர், கல்யாணத்துக்கு மண்டபம் மாறி வந்தவர்போல நடந்துகொண்டிருந்தார்.

அம்புரோஸ் மைக்செட்டுக்கு ஓடினார். "இன்னாபா, என் மைக்கையும் அணைச்சிட்டியா?"

அருள்பிரகாசம் தரையைப் பார்த்தான். "அந்தப் பொட்டி வந்த நாள்லேர்ந்து உங்க குரல் வெளிய போறதில்லண்ணே. உங்க காலாண்ட மட்டும்தான். அக்காதான் சொல்லிச்சு..."

அங்கேயே பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது அவருக்கு. இத்தனை ஞாயிறும் கையை உயர்த்தி, உருகி உருகி, தன் கால் கட்டைவிரலுக்கா பாடினார்? குழுவுக்கே தெரிந்திருக்குமே! ஆயர் பாதி தூரம் வந்துவிட்டார். மானம் போனால் போகிறது, பூசை நிற்கக் கூடாது.

"அக்கா மைக்கப் போடு" என்று தன் வாயாலேயே சொன்னார்.

ஐரீன் எடுத்தாள். கோயிலே சேர்ந்து பாடியது. பூசை முடிந்து ஆயர் அம்புரோஸின் கையைக் குலுக்கி, "குழுவ நல்லா நடத்துறீங்க" என்றார். அந்தக் கை வீடு வரைக்கும் கூசியது.

சாப்பாட்டில் அவர் தலை நிமிரவில்லை. "ஐரீனு... என் குரல் அவ்ளோ கலீஜாவா கீது?"

அவள் வஞ்சிர மீன் துண்டு ஒன்றை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

"யார் சொன்னா? அவ்ளோ நல்ல குரல ஊருக்கு எதுக்கு வீணாக்கணும்? அதான் உனக்கு மட்டும் கேக்கறாப்ல வச்சேன்."