உனக்கு எப்படியோ, எனக்கும் அப்படியே

குளிரைக் கண்டால் போர்வைக்குள் போகிறவர்கள் ஒரு ரகம். குளிரைக் கண்டால் காலணியைத் தேடுகிறவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் நம்மைப் போன்றவர்கள், நல்லவர்கள், தூங்கட்டும். இரண்டாவது ரகத்துக்குப் பனிப்பாதை வீரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். சுப்பீரியர் ஏரிக்கரையில், டுலூத் நகரத்தில், முதல் பனி விழுந்து காட்டுப்பாதைகளெல்லாம் வெள்ளையாகிப் போனதும் இந்த இனம் வெளியே வரும். கரடிகள் குகைக்குள் போகிற அதே சமயத்தில் வரும். கரடிக்கு மூளை இருக்கிறது.

வீரரை அடையாளம் காண்பது சுலபம். வானிலை அறிக்கையை அவர் கேட்கிற விதத்தைப் பாருங்கள். பூஜ்யத்துக்குக் கீழே பத்து என்றால் மற்றவர்கள் ஐயோ என்பார்கள். வீரர், "காத்தையும் சேர்த்துச் சொல்லு" என்பார். காற்றைச் சேர்த்தால் இன்னொரு இருபது கீழே இறங்கும், இல்லையா? நாளைக்கு நாலு பேரிடம் சொல்ல அதுதான் உதவும்.

இந்த இனத்தில் நான் பார்த்த உத்தமமான பிறவி ஹால்வர் லிண்ட். தொழில், ஊரில் யார் வீட்டு ஹீட்டர் நின்றுபோனாலும் போய்ச் சரி செய்வது. ஊருக்கெல்லாம் கதகதப்பு விற்கிற மனிதர், கதகதப்பு மனிதனைக் கெடுக்கிறது என்று பிரசாரம் செய்வார். அதுவும் எங்கே? ஹீட்டர் நின்ற வீட்டின் நிலவறையில், போர்வை போர்த்திக்கொண்டு பல்லைக் கடித்து நிற்கும் வீட்டுக்காரரிடம்.

"உள்ள உக்காந்தாதான் குளிரும். ஓடிப் பாருங்க, குளிராது. முதல் மைல் ஒண்ணுதான் கஷ்டம்."

"சரிப்பா. அந்த ஹீட்டரை முதல்ல ஓட வை."

சனிக்கிழமை காலையில் அவர் ஓடக் கிளம்பும் கோலம் கண்கொள்ளாக் காட்சி. உடம்போடு ஒட்டிய கம்பளிச் சட்டை, அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் காற்றுப் புகாத ஒன்று, இரண்டு கால்சட்டை, இரண்டு ஜோடிக் காலுறை, அந்த இரண்டு காலுறைக்கும் நடுவே, ஈரத்தைத் தடுக்க, ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் பை (இந்த ஊரில் ரொட்டிப் பையைக் குப்பையில் போடுகிறவனுக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள்), அடியில் இரும்பு முள் வைத்த காலணி, மூக்கிலும் கன்னத்திலும் வாசலின், கையுறை, கையுறைக்கு மேல் கையுறை, காதை மூடிய கம்பளித் தொப்பி. எல்லாம் மாட்டி, எல்லா ஜிப்பையும் இழுத்து, கதவில் கை வைப்பார். அப்போதுதான் ஒன்றுக்கு வரும்.

ஓடி முடித்த பிறகு இன்னும் விசேஷம். மூச்சுக்காற்று தாடியில் உறைந்து கண்ணாடிக் குச்சிகளாகத் தொங்குமே, அதுதான் வீரரின் பதக்கம். பேக்கரிக்குள் அந்தத் தாடியோடு நுழைவார், ஆனால் துடைக்க மாட்டார். ஹீட்டர் பக்கத்து மேஜை காலியாக இருந்தாலும் வாசலோரத்து மேஜையில்தான் உட்காருவார். ஏன்? சீக்கிரம் உருகிவிட்டால், பின்னால் வருகிறவர்கள் பார்க்க வேண்டாமா?

இவ்வளவும் வெளியில் தெரிகிற ஹால்வர். உள்ளே இருக்கிற ஹால்வரை அவர் மனைவி மார்லிஸுக்கு மட்டும் தெரியும். சொல்லிவிடுகிறேன், யாரிடமும் சொல்லாதீர்கள். அவருக்குப் போகப் பிடிக்காது. ஒரு சனிக்கிழமைகூடப் பிடித்ததில்லை. தன்னைக் கிளப்ப அவர் செய்யாத வித்தை இல்லை. ஓடுகிற உடுப்பிலேயே தூங்கிப் பார்த்தார். தூக்கம் இன்னும் நன்றாக வந்தது. காலணியைச் சூட்டுக்காற்று வரும் துவாரத்தின் மேல் வைத்துப் பார்த்தார். காலணி இதமாக இருந்தது, அவ்வளவுதான். ஓடினால் லவங்கப்பட்டை பன் என்று தனக்குத்தானே லஞ்சம் பேசிப் பார்த்தார். ஓடாமலே பன் தின்ன முடியும் என்பதைக் கண்டுபிடித்தார். கடைசியில் பலித்தது ஒன்றே ஒன்று. அங்கே எய்னோ காத்திருப்பான் என்ற நினைப்பு.

எய்னோ மாக்கி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். பேசுவது கொஞ்சம், ஞாபகம் நிறைய. அவரோடு பதினொரு குளிர்காலமாகச் சனிக்கிழமை தோறும் ஓடுகிற ஹால்வர், 'இன்றைக்கு நான் வரவில்லை' என்ற வார்த்தையை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவருடைய மானம் முழுக்க அந்தச் சொல்லாத வார்த்தையில்தான் இருந்தது. ஒருமுறை சொன்னால் போதும். திங்கட்கிழமை ஊர் முழுக்கத் தெரியும், அடுத்த நிலவறையில் வாயைத் திறக்க முடியாது. பிரசங்கம் செய்யாமல் ஹீட்டர் மட்டும் ரிப்பேர் செய்கிற ஹால்வரை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை வந்தது. காற்றைச் சேர்க்காமலே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு. டிவியில் வானிலை சொல்லும் பெண், அவசியம் இல்லாமல் வெளியே போகாதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னாள். ஹால்வர் இருட்டில் படுத்தபடி போனையே பார்த்துக்கொண்டிருந்தார். எய்னோவிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

"வரலைன்னு அனுப்பேன்" என்றாள் மார்லிஸ், தலையணைக்குள்ளிருந்து.

"யாரு, நானா?"

"பின்ன, நானா ஓடறேன்?"

"அவன்தான் அனுப்பணும். அவனுக்கு வயசாச்சு."

"உன்னைவிட அவன் ரெண்டு வயசு சின்னவன்."

வேறு சாக்குகளை யோசித்தார். கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று சொல்லலாம். ஆனால் இந்த ஊரில் அது எவ்வளவு ஆபத்தான பொய் தெரியுமா? காரின் எஞ்சின் உறையாமல் இருக்க முதல்நாள் இரவே மின்சார வயரைச் சொருகி வைப்பது இங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும். சரி, வயர் கழன்றுவிட்டது என்றே வையுங்கள். அடுத்த பத்தாவது நிமிஷம் எய்னோ ஜம்பர் கேபிளோடு வாசலில் நிற்பார், முகமெல்லாம் சிரிப்பாக. அடுத்தவன் பேட்டரிக்கு உயிர் கொடுப்பதைப் போல இந்த ஊர்க்காரனுக்குச் சந்தோஷம் வேறில்லை. முழங்கால் வலி என்றால்? எய்னோவின் மனைவி மத்தியானத்துக்குள், உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் காளான் சூப்பும் போட்டு அடுப்பில் சுட்ட ஹாட்டிஷ் ஒரு பெரிய தட்டு கொண்டுவந்து, தின்று முடிக்கும்வரை முழங்காலையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஊர் முழுக்க நல்லவர்கள். பொய் சொல்லிப் பிழைக்க வழியே இல்லை.

கடைசியில் ஹால்வர், இந்த ஊர் மனிதர்கள் கல்யாணம் முதல் காடு விற்பது வரை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிற அந்த வார்த்தையைக் கையில் எடுத்தார். அனுப்பினார்.

"காலைல கொஞ்சம் சில்லுனு இருக்கும் போல. எனக்கு ஒண்ணும் இல்ல. உனக்கு எப்படியோ, எனக்கும் அப்படியே."

உடனே பதில் வந்தது. அவ்வளவு உடனே வந்தால் எய்னோவும் போனைப் பிடித்துக்கொண்டு கிடந்தார் என்றுதானே அர்த்தம்? ஹால்வருக்கு அது உறைக்கவில்லை.

"ஆமா, லேசா சில்லுனுதான். எனக்கும் ஒண்ணும் இல்ல. நீ எப்படிச் சொன்னாலும் சரி."

"நீ வேணாம்னு நினைச்சா நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"நான் வேணாம்னு சொல்லலையே. நீ நினைச்சா சொல்லு."

"நான் எங்க நினைச்சேன்?"

"அப்ப சரி."

"அப்ப சரி."

இரண்டு பேரும் போர்வையை விலக்கினார்கள். ஊரின் இரண்டு மூலைகளில், ஒரே நேரத்தில், ஒரே கெட்டவார்த்தை கேட்டது.

காட்டுப்பாதை தொடங்குகிற இடத்தில் கார் நிறுத்த ஒரு சின்ன மைதானம். ஹால்வர் போய்ச் சேர்ந்தபோது எய்னோவின் கார் புகை விட்டுக்கொண்டு நின்றது. கொஞ்சம் தள்ளி இன்னொரு கார், விளக்கில்லாமல், கண்ணாடியெல்லாம் பனி பூத்து. யாரோ நேற்றே விட்டுப் போனது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். எய்னோவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார், ஆனால் இறங்கவில்லை. எய்னோவும் இறங்கவில்லை. ஹால்வர் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கினார்.

"என்னப்பா, இறங்கலையா?"

"நீ இறங்கு, வர்றேன்."

"எனக்கு அவசரம் இல்ல. பாட்டு முடியட்டும்."

"எனக்கும் ஒரு பாட்டு ஓடுது."

இரண்டு பேர் காரிலும் ரேடியோவில் வந்துகொண்டிருந்தது மக்காச்சோள விலை நிலவரம். அதை இருவரும் பக்தியோடு கேட்டார்கள். சீட்டுக்குள் இருந்த சூடு முதுகைத் தடவியது. மக்காச்சோளம் முடிந்து சோயாபீன்ஸ் வந்தது.

அப்போதுதான் மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு உருவம் ஓடி வந்தது. இமையெல்லாம் வெள்ளை, முகமூடியெல்லாம் வெள்ளை, இரண்டு கையையும் விசிறி ஆட்டிக்கொண்டு. ஓடீல் தீபதோ. பெயரிலேயே ஓட்டம் வைத்திருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாது. லூசியானாவிலிருந்து போன கோடையில் ஆஸ்பத்திரி வேலைக்கு வந்தவள். நவம்பரில் அவள் வீட்டு ஹீட்டர் நின்றது, ஹால்வர் போனார், நிலவறையில் பிரசங்கம் நடந்தது, அதை நம்பிய முதல் ஜீவன் அவள்தான். சில சனிக்கிழமைகளாகக் கூட வருகிறாள். இன்றைக்கு அவளிடம் யாருமே கேட்கவில்லை. வெப்ப நாட்டுக்காரி, இந்தக் குளிரில் எங்கே வரப்போகிறாள் என்று இரண்டு பேரும் தனித்தனியாக முடிவு செய்திருந்தார்கள்.

ஓடீல் ஹால்வரின் கண்ணாடியில் தட்டினாள். "வந்துட்டீங்களா! அப்பாடா! ரொம்ப நேரமா காத்துட்டிருக்கேன். போன் குளிர்ல செத்துப்போச்சு. உள்ள உக்காந்தாதான் குளிரும்னு நீங்க சொன்னீங்களே, அதான் கார்ல உக்காராம மேலயும் கீழயும் ஓடிட்டே இருந்தேன். என்ன குளிர், என்ன குளிர், கடவுளே!"

குளிர் என்ற சொல்லை அந்த மைதானத்தில் யாரும் அவ்வளவு சத்தமாகச் சொல்லி ஹால்வர் கேட்டதில்லை. அவர் இறங்கினார். எய்னோ 'வரவில்லை' என்று எழுதியிருந்தால் ஹால்வரும் சந்தோஷமாகத் தூங்கியிருப்பார். இவள் இங்கே தனியாக ஓடிக்கொண்டே இருந்திருப்பாள், அவருடைய நிலவறைப் பேச்சை நம்பி.

"நீ ஏம்மா வந்தே?" என்றார் எய்னோ, அவரும் இறங்கி வந்து. "இந்தக் குளிர்ல?" ஊர்க்காரர் வாயிலும் அந்தச் சொல் வந்துவிட்டது.

"நிஜத்தைச் சொல்லட்டுமா? எனக்கு வர இஷ்டமே இல்ல. படுக்கைல அழுதேன். நீங்க ரெண்டு பேரும் இங்க நின்னு எனக்காகக் காத்துட்டிருப்பீங்களேன்னுதான் வந்தேன்."

எய்னோ காலணியால் பனியைக் கிளறினார். "நான் இவனுக்காக வந்தேன்" என்றார். "எனக்கும் ஒண்ணும் ஆசையில்ல."

இரண்டு பேர் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். களத்தில் மிச்சம் இருப்பது ஒருவர்தான். 'நான் எப்பவும் வர்றவன்தானேப்பா' என்று ஒரு வாக்கியம், ஒரு சிரிப்பு, அவ்வளவு போதும். ஊரில் ஹால்வருக்கு நிகர் ஹால்வர்தான் என்று வசந்தகாலம் வரை பேசுவார்கள். வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. ஓடீலின் வெள்ளை இமைகளைப் பார்த்தார். இன்னும் சிமிட்டிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் இஷ்டமில்ல" என்றார் ஹால்வர். "வேணாம்னு எழுதத்தான் நினைச்சேன், துணிச்சல் வரல. இன்னிக்கு மட்டும் இல்ல. பதினொரு வருஷமா."

எய்னோ காதிலிருந்து தொப்பியை விலக்கினார்.

"பதினொரு வருஷமா?"

"ஆமா."

"அடப்பாவி! நீ விடாக்கண்டனா வர்றியேன்னுதானேடா நான் பதினொரு வருஷமா செத்துட்டிருக்கேன்! என் பொண்டாட்டி உன்னைச் சபிக்காத சனிக்கிழமை இல்ல!"

"மார்லிஸ் உன்னை!"

ஓடீல்தான் முதலில் சிரித்தாள். பிறகு எய்னோ குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஹால்வர் சிரித்த சிரிப்பில் கண்ணீர் வந்து கன்னத்து வாசலினில் நின்றுவிட்டது. மானம் போய்விட்டது, முழுசாகப் போய்விட்டது, அவருக்கு உடம்பே இலேசாக இருந்தது.

"சரி, அப்ப வீட்டுக்குப் போகலாமா?" என்றாள் ஓடீல்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாட்ட வேண்டியதெல்லாம் மாட்டியாகிவிட்டது. ரொட்டிப் பை கூடக் காலில் இருக்கிறது.

"எனக்குப் போகவும் இஷ்டமில்ல" என்றார் ஹால்வர். ஓடினார்கள்.

அன்றைக்கு ஓடிய ஓட்டத்தைப் பற்றி அவர்கள் மூவரும் இன்னும் பேசுகிறார்கள். காலடியில் பனி கிறீச் கிறீச் என்றது. மரங்கள் விலகிய இடத்தில் ஏரி முழுக்க ஆவி எழுந்து நின்றது, அதன் மேல் சூரியன் வந்தபோது காற்றில் மிதந்த பனித்தூளில் ஒளி பட்டு இரண்டு பக்கத்திலும் இரண்டு பொய்ச் சூரியன்கள் பளபளத்தன. எய்னோ நின்று, தொப்பியைக் கழற்றி, உடனே மறுபடி மாட்டிக்கொண்டார். முதல் மைல் கஷ்டமாக இருந்தது. இரண்டாவதும்தான். ஹால்வர் அதை வாய்விட்டே சொன்னார், யாரும் அவரைக் குறைவாக நினைக்கவில்லை.

இப்போது யாருக்கு வேண்டுமானாலும் வரவில்லை என்று சொல்ல உரிமை உண்டு. மூவரும் பேசி முடிவு செய்தது. அடுத்த சனிக்கிழமையும் அதே குளிர்தான். மூன்று கார்களும் வந்தன.

சரி, இதையெல்லாம் படித்துவிட்டு, பைத்தியக்கார ஊர் என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் ஊர் மார்கழிக்குக் குரங்குக் குல்லாயே அதிகம். ஆனால் ஒன்று கேட்கிறேன். விடியற்காலையில் பூங்கா வாசலில் உங்களுக்காக ஒருவர் நிற்கிறார், இல்லையா? நடையோ, யோகாவோ, பஜனையோ, ஏதோ ஒன்று. பாவம், மனுஷன் காத்திருப்பாரே, அவர் ஆர்வத்தைக் கெடுக்கக் கூடாதே என்றுதானே கண்ணைக் கசக்கிக்கொண்டு போகிறீர்கள்? பெருந்தன்மைதான். நாளைக்கு அவரைத் தனியாக ஓரம் கட்டி, அவரைத் தினமும் படுக்கையிலிருந்து இழுக்கிற அந்த ராட்சசன் யார் என்று விசாரித்துப் பாருங்கள். பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கட்டும். அவர் சொல்லப்போவது உங்கள் பெயரை.