எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடுபவர்

முடிந்துபோன வேலையைச் சரிபார்ப்பதற்கென்றே ஓர் இனம் இருக்கிறது. மூடியிருக்கும் பாட்டிலைத் திறந்து, அது மூடித்தான் இருந்தது என்று தெரிந்துகொண்டு, அரைகுறையாகத் திருகிவிட்டுப் போகிற இனம். கேட்டால், "எதுக்கும் ஒரு தடவை பாத்துடறது நல்லதில்லையா?" என்பார்கள். நல்லதுதான். யாருக்கு?

ஊருக்குக் கிளம்பும்போது மனைவி கட்டிவைத்த பெட்டியைத் திறந்து, டிக்கெட்டை வெளியே எடுத்துப் பார்த்து, இருக்கிறது என்ற நிம்மதியில் அதை மேசைமேல் வைத்துவிட்டுப் பெட்டியை மூடுவார் இவர். இப்படிப்பட்டவர் ராக்கெட் கூடத்தில் மேலாளராக இருந்தால்?

எங்கள் கூடத்தில் இருந்தார். மேலே போய்த் திரும்பும் கருவி கடலில் மோதி நொறுங்காமலிருக்க, அதைச் சுற்றி ஒரு பெரிய காற்றுப்பையை மடித்துக் கட்டுவோம். இறங்கும்போது வாயுக்குப்பி திறந்து, பை உப்பி, வேகத்தைக் குறைத்து, தண்ணீரில் மிதக்கவும் வைக்கும். தரையிலேயே உப்பித் தொலைக்கக் கூடாதே என்று குப்பிக்கு ஒரு பூட்டுக் கம்பி, அதன் நுனியில் சிவப்பு நாடா. ஏவுவதற்கு முன் கம்பியை உருவிவிட வேண்டும். இந்த விதியை எழுதியவரே அவர்தான்.

கருவியைச் செய்த பொறியாளர், மகளுக்குப் பேச்சு வருமுன் அந்த வேலையைத் தொடங்கியவள். மகள் இப்போது எதிர்த்தே பேசுகிறாள். தன் கையாலேயே கம்பியை உருவி மேசைமேல் வைத்தாள்.

"முடிஞ்சது சார். இனி யாரும் தொட வேண்டாம்."

"நீ போம்மா. நான் எதுக்கும் ஒரு தடவை பாத்துட்டு வரேன்."

பார்த்தார். துளை காலியாக இருந்தது. கம்பி சரியாகத்தான் உருவி வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? செருகிப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது. பரம திருப்தியோடு விளக்கை அணைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் ராக்கெட் ஒழுங்காகப் போயிற்று. கருவியும் ஒழுங்காகத் திரும்பிற்று, கல் மாதிரி. கேமரா அனுப்பிய கடைசிப் படத்தில் கடல் நெருங்கி வர, சிவப்பு நாடா அழகாகப் படபடத்துக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா, அந்த வேகத்துலயும் கம்பி அசையல," என்றார் மேலாளர். "நான் அழுத்திப் பாத்துட்டுத்தானே வந்தேன்."

அவள் அழவில்லை. என்னால்தான் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. இனி இப்படி நடக்காமலிருக்க, எல்லாம் முடிந்தபின் இன்னொரு தடவை சரிபார்க்க ஒரு குழு அமைத்தார்கள். தலைவர் யார் என்று சொல்ல வேண்டுமா?

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரித்துக்கொண்டே, வாசல் கதவைப் பூட்டினோமா என்று எழுந்துபோய்ச் சாவியைத் திருகிப் பார்த்துவிட்டு வந்தும்விட்டீர்கள். பூட்டித்தான் இருந்தது.

இப்போது திறந்திருக்கிறது.