மாப்பிள்ளைக்கு மீன் பிடிக்கும்

வீசிய தூண்டில் தண்ணீரில் விழவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த மாமனாரின் கம்பளிக் குல்லாயில் போய் மாட்டிக்கொண்டது.

"அசையாதீங்க மாமா, எடுத்துடறேன்" என்றார் மாப்பிள்ளை.

மாமனார் அசையவில்லை. பேசவும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முறைத்தார்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற மாப்பிள்ளைக்கு, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிற இந்த மலை உச்சி அணையில் என்ன வேலை? எல்லாம் ஒரு வார்த்தை செய்த கோளாறு. போன மாதம் சாப்பாட்டு மேசையில் மாமியார், "மாப்பிள்ளைக்கு மீன் பிடிக்குமா?" என்று கேட்டார். பொரித்த மீனை மனதில் வைத்துக்கொண்டு, "உயிர் அத்தை" என்றார் இவர். மாமனார் சட்டென்று நிமிர்ந்தார்.

"அப்படியா? ஒருநாள் அணைக்குப் போவோம். படகு எடுத்துப் பிடிக்கலாம்."

மகள் தானே தேடிக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளையிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. அதைப் போய், "நான் சொன்னது தின்கிற மீன் மாமா" என்று யாருக்குத் திருத்த மனசு வரும்? இன்று ஒருநாள் ஒப்பேற்றிவிட்டால் அவர் மனசில் இடம் பிடித்துவிடலாம். காலையில் படகுக்காரர் துணைக்கு வரட்டுமா என்று கேட்டபோதுகூட, "மாப்பிள்ளை இருக்காரே, போதும்" என்று சொல்லியிருந்தார் மாமனார். பெருமையாகத்தான் இருந்தது, படகு நகரும் வரை.

இப்போது மாப்பிள்ளை தூண்டில் முள்ளை எடுக்க வெடுக்கென்று இழுத்தார். முள்ளோடு குல்லாயும் பறந்தது. நடுவில் நூல் அறுந்து இரண்டும் தண்ணீரில் விழுந்தன.

"துடுப்பால எட்டி எடுத்துடலாம் மாமா. இதெல்லாம் சகஜம்."

எட்டினார். குல்லாய் மூழ்கியது. கையைவிட்டு நழுவிய துடுப்பு தன்பாட்டுக்கு மிதந்து போனது.

குளிர்காற்றில் மாமனாரின் வழுக்கை சிவந்துகொண்டே வந்தது. தன் மப்ளரையாவது சுற்றிவிடலாம் என்று மாப்பிள்ளை எழுந்தார். படகு ஒரு பக்கம் சாய்ந்து மப்ளர் தண்ணீரில் தோய்ந்தது. மீதியிருந்த தூண்டிலும் சாப்பாட்டுப் பையும் தண்ணீருக்குள் போயின. மாமனார் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

என் மூஞ்சியைப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்த மாப்பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது.

கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த படகுக்காரர் இன்னொரு படகில் வந்து, கயிறு கட்டி இழுத்துப்போனார். கரை தட்டியதும் மாமனார் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று படியேறிப் போனார்.

"போச்சுங்க" என்றார் மாப்பிள்ளை, நனைந்த மப்ளரைப் பிழிந்தபடி. "படகு கிளம்பினதுலேருந்து ஒரு வார்த்தை பேசல. இனி ஜென்மத்துக்கும் பேச மாட்டார்."

படகுக்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சிரித்தார்.

"படகுல ஏறினா அவர் எங்க தம்பி வாயத் திறப்பாரு, பல்லு தந்தியடிக்கிறது உங்களுக்குத் தெரிஞ்சிடுமே! தண்ணின்னாலே நடுங்குற மனுஷன், ஒரு மாசமா என்கிட்ட வந்து படகுல உட்காரப் பழகினாரு. ஏன் சார் இந்த அவஸ்தைன்னு கேட்டா, 'என்ன பண்றது, மாப்பிள்ளைக்கு மீன் பிடிக்குமாமே'ங்கிறாரு."