ஜாஸ்தி சார் நிர்ணயித்த கைச்செலவு

காலேஜில் சேர்ந்திருக்கும் மகளுக்கு மாதாமாதம் கைச்செலவுக்கு எவ்வளவு தருவது? இந்தக் கேள்விக்கு மற்ற அப்பாக்கள் எல்லாம் சட்டைப்பையில் கையை விட்டுப் பதில் சொல்லிவிடுவார்கள். நம் ஜாஸ்தி சார் அப்படி அவசரப்படுகிறவர் அல்ல. ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் துலக்கிக்கொண்டே அவர் ஒரு சபதம் எடுத்தார். இனிமேல் இந்த வீட்டிலிருந்து ஒற்றைக் காசு வெளியே போவதாக இருந்தாலும் அது முறைப்படிதான் போகும். வாய் நிறைய நுரை இருந்ததால் சபதம் சற்றே குழறியது. உறுதியில் மட்டும் ஒரு குறையும் இல்லை.

ஜாஸ்தி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. சார் ஒரு பொறியியல் கல்லூரியில் கொள்முதல் அதிகாரி. நாற்காலியிலிருந்து துடைப்பம் வரை எதுவும் அவர் கையெழுத்தில்லாமல் அந்த வளாகத்துக்குள் நுழைய முடியாது. மூன்று கடைகளில் கொட்டேஷன் கேட்பார். எந்தக் கடைக்காரர் வந்தாலும் முதல் வார்த்தை "ஜாஸ்தி". விலையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறாரா என்றால் அதுவும் கிடையாது. உறையைப் பிரிப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். ஒருமுறை இலவச மாதிரி கொடுக்க வந்த பேனா வியாபாரியிடமும் பழக்கதோஷத்தில் ஜாஸ்தி என்று சொல்லிவைக்க, அந்த ஆள் மிரண்டுபோய் கூடவே இரண்டு ரீஃபிலையும் வைத்துவிட்டு ஓடினார். அன்றைக்கு நிலைத்த பெயர். சாருக்கு அதில் பெருமைதான். சிலர் ஒரு பட்டத்துக்காகப் பல்கலைக்கழகம்வரை போய் ஆராய்ச்சி செய்கிறார்கள். இவருக்கு உட்கார்ந்த இடத்தில் கிடைத்துவிட்டது.

இப்பேர்ப்பட்ட சிக்கன சிகாமணியின் வீட்டு ஹாலில் நடக்க இடமிருக்காது. காரணம், கல்லூரி வாசலுக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடுவில் ஒரு பழைய சாமான் கடை இருந்ததுதான். அங்கே எந்த விலை சொன்னாலும் சார் பாதியாகக் குறைப்பார். குறைத்த பிறகு வாங்காமல் வந்தால் குறைத்ததற்கு என்ன மரியாதை? ஆகவே வாங்கிவிடுவார். சாவி இல்லாத பூட்டுகள் ஒரு கூடை. ஒரு கை மட்டும் உள்ள சாய்வு நாற்காலி. யார் ஏறினாலும் ஐந்து கிலோ குறைத்துக் காட்டும் எடை மெஷின். குறைத்துக் காட்டுகிறது என்பதாலேயே அதன்மேல் அவருக்குத் தனிப் பாசம். சாரின் மனைவியான அம்மையார் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. அவர் சம்பளம் வீட்டுக் கடனுக்கும் மளிகைக்கும் சரியாக இருக்கும். சாரின் சம்பளத்தில் காலேஜ் ஃபீஸ் கட்டியது போக மீதி எங்கே போகிறது என்பதற்கு அந்த ஹாலே சாட்சி.

அன்று காலை மகள் தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"அப்பா, நாளையிலேர்ந்து காலேஜ். மாசம் மூணாயிரம் கொடுத்தீங்கன்னா போதும்."

"ஜாஸ்தி."

"எதுக்குன்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே?"

"சொன்னா இன்னும் ஜாஸ்தியாத் தெரியும். சரி, சொல்லு."

"பஸ்ஸுக்கே ஆயிரம் ஆகும்."

"ரெண்டு ஸ்டாப் முன்னாடி இறங்கி நட. உடம்புக்கு நல்லது."

"ஜெராக்ஸ் எடுக்கணும்."

"கையால எழுது. கையெழுத்தும் திருந்தும்."

"ஃப்ரெண்ட்ஸ் கூட ஒரு டீ குடிக்க வேணாமா?"

"வீட்லயே குடிச்சிட்டுப் போ."

"நாலு பேர் குடிக்கும்போது நான் மட்டும் என்னப்பா பண்றது?"

"பேசு. அவங்க வாய்ல டீ இருக்கும். நீ பேசினா யாரும் குறுக்க பேச மாட்டாங்க."

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "முதல் நாள்ப்பா. கையில ஒண்ணுமே இல்லாம அத்தனை பேருக்கு நடுவுல போய் நிக்கறதுக்கு எனக்குப் பயமா இருக்கு" என்றாள். சாரின் கை சட்டைப்பை வரை போய் நின்றது. ஒற்றை மகள். ஆனால் பாசத்தைக் கொள்முதலில் கலந்தால் அப்புறம் துடைப்பம்கூட வாங்க முடியாது என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

"மூணு கொட்டேஷன் வரட்டும். உன்னோடது ஒண்ணு, எதிர்வீட்டு டாக்டரோடது ஒண்ணு, உங்கம்மாவோடது ஒண்ணு. எது குறைச்சலோ அது. அதுலயும் நான் கொஞ்சம் குறைப்பேன்."

மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பின்னாலேயே அம்மையாரும் போனார். வெகுநேரம் பேச்சுக் குரல் கேட்டது. நடுவில் சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. அழுகிற பெண்ணை எவ்வளவு சாமர்த்தியமாகத் தேற்றுகிறாள் என்று சார் மனைவியை மெச்சிக்கொண்டார். பாவம், நல்ல மனசு.

எதிர்வீட்டுப் பல் டாக்டர் வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தார். அவர் மகன் காலேஜில் இரண்டாம் வருஷம்.

"டாக்டர், பையனுக்குக் கைச்செலவுக்கு எவ்வளவு கொடுக்கறீங்க?"

"நான் எங்க சார் கொடுக்கறேன்? அவன் பிடுங்கிக்கறான்."

"எவ்வளவு?"

"மாசம் ஆறாயிரம். நானாவது ஊசி போட்டு மரத்துப் போக வெச்சிட்டுப் பிடுங்குவேன். அவன் அதுகூடப் பண்றதில்ல."

"ஜாஸ்தி" என்றார் சார். சார் சொல்வது மகனையா, தன் ஃபீஸையா என்று புரியாமல் டாக்டர் விழித்தார். போன மாதம் சாருக்குக் கடைவாய்ப் பல் எடுத்ததில் இன்னும் பாதிப் பணம் பாக்கி. எனவே இருவருமே அந்தப் பேச்சை அதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

சாயங்காலம் அம்மையார் சாப்பாட்டு மேஜையில் பரீட்சைத் தாள்களைப் பரப்பித் திருத்திக்கொண்டிருந்தார். கையில் சிவப்புப் பேனா. சார் எதிரே உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, ஆபீஸ் குரலை வரவழைத்தார்.

"சரி, உன் கொட்டேஷனைச் சொல்லு."

அம்மையார் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நம்ம வீட்லேர்ந்து காலேஜுக்குப் போறவங்களுக்குக் கைச்செலவு மாசம் ஏழாயிரம்னு வெச்சுக்கலாங்களா?"

சாருக்குப் புரையேறியது. "ஏழாயிரமா! ஜாஸ்தி! அநியாயத்துக்கு ஜாஸ்தி! எதிர்வீட்டுப் பையனே ஆறுதான்!"

"வெளிய போறவங்க இல்லீங்களா? நாலு பேர் பழகற இடம். நடுவுல ஒரு காபி குடிக்கணும்னு தோணும்."

"ஃபிளாஸ்க்ல ஊத்திக் கொடு."

"மத்தியானம் எதையாவது கொறிக்கணும்னு இருக்கும்."

"டப்பாவுல பிஸ்கட் வை. நாலு போதும்."

"திரும்பி வர்ற வழியில, கடையில ஏதாவது கண்ணுல பட்டு, ஆசைப்பட்டு வாங்கணும்னு..."

"அங்கதான் கவனிக்கணும்!" சார் மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார். பரீட்சைத் தாள்கள் பறந்தன. "கண்ணுல பட்டதை எல்லாம் வாங்கற புத்தி இருக்கு பாரு, அதைச் சும்மா விடக்கூடாது. இப்பவே கிள்ளிடணும்."

"கிள்ளிடலாங்களா?"

"தயவு தாட்சண்யமே பார்க்காதே. ஆயிரத்து ஐநூறு. அதுக்கு மேல ஒரு காசு கிடையாது."

"ஆயிரத்து ஐநூறுதானா? பாவம்ங்க. முகம் வாடிப் போயிடும்."

"வாடட்டும். பாவம் பார்த்தா பர்ச்சேஸ் பண்ண முடியாது."

"அப்ப மாசப் பிறப்புலயே மொத்தமாக் கொடுத்துடட்டுமா?"

மனைவியின் அப்பாவித்தனத்தை நினைத்து சாருக்குச் சிரிப்பு வந்தது. "மொத்தமாக் கொடுத்தா ஒரே நாள்ல ஊதித் தள்ளிடும். தினம் ஐம்பது. காலையில எண்ணிக் கையில கொடு."

"பேங்க் கார்டு ஒண்ணு கையில இருக்கேங்க. அதை வெச்சு எடுத்துட்டா?"

காலேஜில் சேர்த்தபோது மகளுக்குக் கணக்குத் தொடங்கியது சாருக்கு நினைவு வந்தது. எவ்வளவு நுணுக்கமாக யோசிக்கிறாள்! தன்னோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்ததில் இவளுக்கும் கொஞ்சம் புத்தி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"கார்டை முதல்ல பிடுங்கு. பீரோவில வெச்சுப் பூட்டு. சாவி உன்கிட்டயே இருக்கட்டும்."

"கேட்டு அழுதா?"

"அழட்டும்."

"கத்தினா?"

"காதுல பஞ்சை வெச்சுக்கோ."

"அப்புறம் நீங்களே மனசு இளகி, கொஞ்சம் ஏத்திக் கொடுன்னு வந்து நிப்பீங்க."

"நானா?" சார் எழுந்தே நின்றுவிட்டார். "நான் ஆர்டர் போட்டா போட்டதுதான். இன்னும் பத்து வருஷம் ஆனாலும் மாத்தினேன்னு ஒரு பய சொல்லட்டும். நானே வந்து கெஞ்சினாலும் நீ கொடுக்காதே!"

"சரிங்க" என்று அம்மையார் சிவப்புப் பேனாவை மூடினார். "உங்க இஷ்டம்."

ஏழாயிரத்தை ஆயிரத்து ஐநூறாக்கிய அன்று ராத்திரி சார் தூங்கிய தூக்கம் இருக்கிறதே, அப்படி ஒரு தூக்கத்தை அவர் அதற்குப் பிறகு தூங்கவே இல்லை.

திங்கட்கிழமை காலை. சார் குளித்து உடுத்திச் சாப்பாட்டு மேஜைக்கு வந்தார். மேஜைமேல் ஒரு ஃபிளாஸ்க், ஒரு சின்ன டப்பா, அதன்மேல் ஒரு ஐம்பது நோட்டு. மகள் புதுப் பையை மாட்டிக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். முகத்தில் வாட்டத்தையே காணோம். சரிதான், கண்டிப்பு வேலை செய்கிறது என்று சார் மகிழ்ந்தார்.

"ஏம்மா, ஃபிளாஸ்க்கை விட்டுட்டுப் போறியே? பிஸ்கட்டையும் எடுத்துக்கோ."

"அது என்னோடது இல்லப்பா."

"பின்ன யாரோடது?"

"உங்களோடது."

சார் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. சட்டைப்பைக்குள் கை தானாகப் போயிற்று. பஸ் பாஸ் இருந்தது. சீப்பு இருந்தது. கார்டு இல்லை.

"பீரோவில இருக்குங்க" என்றார் அம்மையார், பின்னலை முடிந்துகொண்டே. "நீங்க சொன்ன மாதிரியே பூட்டிட்டேன்."

"நான் சொன்னது அவளுக்கு!"

"அவளுக்குன்னு நான் ஒரு வார்த்தை சொன்னேனாங்க? நம்ம வீட்லேர்ந்து காலேஜுக்குப் போறவங்களுக்குன்னுதானே கேட்டேன். அவ இன்னைக்குத்தான் முதமுதல்ல போறா. நீங்க இருபத்திரண்டு வருஷமாப் போறீங்க."

சார் ஃபிளாஸ்க்கை எட்டத் தள்ளினார். "போறவங்கன்னா... பசங்களைப் பொதுவாச் சொல்றேன்னு நெனச்சேன்."

"கொட்டேஷன்ல ஒரு கமா தப்பா இருந்தாலும் கண்டுபிடிக்கறவரு நீங்க. நான் பெத்த பொண்ணுக்கு நானே எதுக்குங்க 'வங்க' போட்டுப் பேசப் போறேன்? அவளா இருந்தா போறவளுக்குன்னு சொல்லியிருக்க மாட்டேனா? இது மரியாதைப் பன்மைங்க. ஒன்பதாங் கிளாஸ்ல நடத்தறோம். கட்டின புருஷனை ஒருமையில சொல்ல எனக்கு வாய் வருமா?"

வாழ்க்கையில் முதன்முறையாக மரியாதை சாருக்குக் கசந்தது.

"அந்த ஏழாயிரம் எங்கேர்ந்து வந்தது?"

"போன மாசம் அந்தப் பழைய சாமான் கடையில நீங்க கொடுத்தது. பேங்க்லேர்ந்து வர்ற மெசேஜை அழிக்கத் தெரியாம அப்படியே வெச்சிருக்கீங்களே. அதுல ஆயிரத்து ஐநூறு உங்களுக்கு. மூணாயிரம் அவளுக்கு. மீதியில ஹாலைக் காலி பண்ண வண்டிக்குச் சொல்லியிருக்கேன்."

"ஆயிரத்து ஐநூறு..." சார் ஐம்பது நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எத்தனையோ வியாபாரிகளின் வயிற்றெரிச்சல் மொத்தமாகச் சேர்ந்து அந்த நிமிஷம் அவர் வாயில் வந்து உட்கார்ந்தது. "ஆயிரத்து ஐநூறு... கம்மி."

"கம்மிதாங்க. நானும் பாவம்னு எவ்வளவு சொல்லிப் பார்த்தேன். நீங்க கேட்டாத்தானே?"

"கொஞ்சம் ஏத்தக் கூடாதா?"

"நீங்களே வந்து கெஞ்சினாலும் கொடுக்கக் கூடாதுன்னு உத்தரவு. புருஷன் பேச்சை மீறி எனக்குப் பழக்கமில்லீங்க." அம்மையார் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். பைக்குள்ளிருந்து பீரோ சாவி குலுங்கிச் சிரித்தது.

பஸ் ஸ்டாப்பில் அப்பாவும் மகளும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். சாரின் தோளில் ஃபிளாஸ்க் தொங்கியது. மகளின் பஸ் தெருமுனையில் திரும்பியதும் சார் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டார். குரல் தாழ்ந்தது.

"ஏம்மா... ஒரு இருநூறு இருக்குமா?"

"எதுக்குப்பா?"

"ஒண்ணுமில்ல. சும்மா, கையில இருக்கட்டுமேன்னு."

மகளுக்கு மனசு கேட்கவில்லை. பையைத் திறந்தாள். ஒரு நூறு நோட்டை எடுத்து, நாலாக மடித்து, அப்பாவின் சட்டைப்பையில் வைத்து, பையைத் தட்டிக் கொடுத்தாள். பஸ் படியில் ஏறியவள் திரும்பி, ஒரு விரலை நீட்டிச் சொன்னாள்:

"மீதிச் சில்லறையைச் சாயங்காலம் மறக்காம கொண்டாந்து கொடுத்துடணும், என்ன?"