உயிரோடிருந்த அம்மாவுக்கு ஓர் ஒப்பாரி

என் அம்மாவை நான் ஒருமுறை சாகடித்திருக்கிறேன். (பதற வேண்டாம். வெறும் பாட்டால்தான்.)

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. இலங்கை மலையகத்தில், பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியர். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தின் கோடியில் ஓர் ஒற்றையறைக் காம்பரா கிடைத்தது. எட்டு மாதமாகியும் அதற்குள் ஒருவரும் வந்ததில்லை. வழியில் கண்டால், "வாங்க சேர்" என்று ஒதுங்கி நிற்பார்கள். நான் தாண்டிப் போனதும் பேச்சு விட்ட இடத்தில் தொடரும். பக்கத்துக் காம்பராவின் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு தனியாகப் பிளேன்டீ குடிப்பேன். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு ஹல்துமுல்லையிலிருந்து அம்மா போன் எடுப்பாள். வாரம் முழுவதற்கும் அதுதான் பேச்சு.

பேச ஆளில்லாததால் கவிஞனானேன். பதுளையில் ஆசிரியர் கூட்டமொன்றில் 'ஒப்பாரியும் சினிமாப் பாட்டும்' என்று பேசச் சொல்லியிருந்தார்கள். ஊரில் பாடுகிற ஒப்பாரி ஒன்றைச் சொல்லிவிட்டு வரலாம்தானே? அது எப்படி, நானே எழுதிப் பாடினால்தானே பெருமை! ஒரு ஞாயிறு மத்தியானம், மழை, கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை பார்த்தேன்.

"கொழுந்து மலையேறிக் கூடையோட போனவளே
கூப்பிட்டும் கேக்கலையோ என்னெப் பெத்த அம்மாளே..."

முதல் தடவை சுமார். ஐந்தாம் தடவை நெஞ்சில் அடித்துக்கொண்டு பாடினேன். நிஜமாகவே அழுகை வந்தது. (அம்மாவை நினைத்து இல்லை. என்னை நினைத்துத்தான்.)

தோட்டத்தில் ஒப்பாரிச் சத்தம் கேட்டால், யார், என்ன என்று வாசலில் நின்று கேட்கிற வழக்கமில்லை. ஓடி வந்து கட்டிக்கொண்டு அழுவார்கள், விசாரிப்பெல்லாம் பிறகு. தோட்டத்திலேயே பிறந்த எனக்கு அது அந்த நேரம் மறந்து போனது.

கதவு திறந்தது. பக்கத்துக் காம்பரா பாக்கியம் அக்கா தலைமுடியை அவிழ்த்துவிட்டு நின்றார்.

"ஐயோ சேர், அம்மா போயிட்டாங்களா!"

நான் வாயைத் திறப்பதற்குள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். பின்னால் பத்துப் பெண்கள், அதற்கும் பின்னால் இருபது. வட்டமாக உட்கார்ந்து, நான் விட்ட அடியிலிருந்து எடுத்துப் பாடினார்கள். என் வரிகளைவிட அவர்களுடையவை எவ்வளவோ மேல். யாரோ என் கையில் சுடச்சுடத் தேத்தண்ணீரை வைத்தார். யாரோ முதுகைத் தடவினார்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எட்டு மாதத்துக்குப் பிறகு என் அறையில் மனிதர்கள் இருந்தார்கள். சொன்னால் எழுந்து போய்விடுவார்களே என்று பயமாக இருந்தது. முகத்தை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுதேன். வெட்கக்கேடுதான்.

தொழிற்சங்கத் தலைவர் நனைந்தபடி வந்தார். "வேன் பேசியாச்சு சேர். இருபது பேரு வாறோம். தப்பு அடிக்கிறவங்களக் கூப்பிட ஆள் அனுப்பியிருக்கு."

சரியாக நான்கு மணி. மேசைமேல் போன் அடித்தது. திரையில் 'அம்மா' என்று இருந்ததைப் பார்த்த பாக்கியம் அக்கா நடுங்கிப்போய் எதையோ அழுத்த, ஸ்பீக்கரில் குரல் கணீரென்று வந்தது.

"சாப்பிட்டியாடா?"

அழுகை பட்டென்று நின்றது.

"நீங்க... யாருங்க பேசுறது?" என்றார் பாக்கியம் அக்கா.

"அவனோட அம்மா. நீங்க யாரு? அங்க என்ன இவ்வளவு சத்தம்?"

நான் ஒத்திகையென்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். தலைவர் வேனை நிறுத்தப் போனார். பெண்கள் முடியை முடிந்துகொண்டு எழுந்தார்கள். அவ்வளவுதான், இனி 'வாங்க சேர்'கூட இல்லை என்று நினைத்தேன். அப்போது பாக்கியம் அக்கா சிரிக்கத் தொடங்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். லயமே சேர்ந்துகொண்டது.

எல்லோரும் போனபின் அம்மாவிடம் முழுக்கதையையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"எத்தன பேரு வந்தாங்க?"

"முப்பது பேரு இருக்கும்மா."

ரேடியோவைக் குறைக்கிற சத்தம் கேட்டது. "இங்க நான் செத்தா நாலு பேரு தேறாதுடா. பாதி லயம் கொழும்புக்குப் போயிருச்சு. வீட்டுல நானும் ரேடியோவுந்தான்."

எட்டு மாதமாக 'சாப்பிட்டியா' என்ற கேள்விக்குப் பதில் சொன்னேனே தவிர, அவள் யாரோடு சாப்பிடுகிறாள் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

என்னோடு வந்து இருக்கச் சொன்னேன்; அடுத்த மாதம் ஒரு பெட்டியோடும் ரேடியோவோடும் வந்து இறங்கினாள். செத்துப் பிழைத்தவரைப் பார்க்க லயமே வாசலில் நின்றது. முதல் வேலையாக என் பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்டாள். முகம் கோணியது.

"நான் எப்படா கூடை தூக்கினேன்? முப்பது வருசம் ஃபேக்டரி ஸ்டோர்ல தேயிலை சலிச்சவ நான். பெத்த தாய் என்ன வேல செஞ்சான்னு தெரியல, இவரு கவிஞராம்!"

இன்றும் வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மாவே இந்தக் கதையை எடுத்துவிடுவாள். முடிவில் பாக்கியம் அக்காவைப் பார்த்துச் சொல்வாள்: "நெசமா நான் போற அன்னிக்கு நீ பாடு. கூடைய எடுத்துட்டு ஸ்டோர்னு போட்டுக்க. இவனப் பாட விட்றாத."

பாக்கியம் அக்காவும் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொல்வார்.

"அவரும் பாடட்டும்மா. கதவ மட்டும் சாத்த விடமாட்டோம்."